1.4 மடங்கா, 2 மடங்கா: பள்ளிக்கரணையில் ஒரு டெலிகன்வெர்ட்டர் தேர்வு – நிகழ்வு ஆய்வு

வேளச்சேரியில் கேமராவையும் லென்ஸையும் நாள் வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். 2023 நவம்பரில் ஒரு பிற்பகல், மேடவாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் வந்து, தம் கேமராப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டார்: "தம்பி, ஒரே கேள்விதான். ஒண்ணு நாலா, ரெண்டா? எதுன்னு சொன்னீங்கன்னா வாங்கிட்டுப் போயிடுவேன்."

1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரா, 2 மடங்கா என்பதுதான் கேள்வி. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பூட்டி, லென்ஸின் குவியத் தொலைவைப் பெருக்கும் சிறு துணை லென்ஸ்தான் டெலிகன்வெர்ட்டர். விடை கிடைக்கப் பத்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு புயலும் ஒரு போகியும் குறுக்கிட்டன. அந்த வாரங்களில் போட்ட கணக்குகளையும் செய்த சோதனைகளையும், என் பக்கம் நேர்ந்த பிழைகளையும், அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். டெலிகன்வெர்ட்டர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் "வெளிச்சம் போய்விடும்" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஆய்வுக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

வேலிக்கு வெளியே நிற்பவரின் கணக்கு

பையில் இருந்தவை நிக்கான் டி7500 கேமராவும், அதே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 200-500 மி.மீ. எஃப்/5.6 ஜூம் லென்ஸும். குவியத் தொலைவைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண்; அது கூடினால் சென்சாரில் விழும் வெளிச்சம் மங்கும். முக்காலி வளையத்தோடு சேர்த்து 2.3 கிலோ எடையுள்ள அந்த லென்ஸை, அறுபதைக் கடந்த அவர் முக்காலி இல்லாமல் கையிலேயே பிடித்துப் படமெடுக்கிறார். டி7500-இன் சென்சார் முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறியது என்பதால், 500 மி.மீ.யில் அவருக்குக் கிடைக்கும் பார்வைக் கோணம், முழுச்சட்டக் கேமராவில் 750 மி.மீ. லென்ஸ் தருவதற்குச் சமம். இதற்கு மேலும் எதற்கு நீளம், நாலடி கிட்டே போனால் ஆயிற்றே என்று கேட்கத் தோன்றும். அவர் படமெடுக்கும் இடத்தில் கிட்டே போக வழியில்லை.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வனத்துறையின் பொறுப்பில் இருப்பது. 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. படமெடுக்க வருகிறவர்கள் 200 அடி ரேடியல் சாலை ஓரத்திலோ, சூழலியல் பூங்காவின் நடைபாதையிலோ நின்றுகொள்ள வேண்டியதுதான். பறவைக்கும் நமக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதை அந்த ஆண்டின் தண்ணீர் மட்டம் தீர்மானிக்கிறது. 45 செ.மீ. நீளமுள்ள ஒரு நீலத் தாழைக்கோழி 40 மீட்டர் தொலைவில் நின்றால், 500 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின் மேல் ஏறக்குறைய 5.6 மி.மீ. நீளமாக வரையும். டி7500-இல் அது சுமார் 1,330 பிக்சல். அச்சிடவும் போதும், மாட்டவும் போதும். அதே கோழி 80 மீட்டருக்குத் தள்ளிப் போய்விட்டால் 665 பிக்சல்தான் மிஞ்சும். அந்த டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில் சதுப்பு நிலமும் சாலையும் ஒன்றாகிப் போயின. தண்ணீர் வடிந்த பிறகும் ஆழம் கூடியிருந்ததால், கரையோரம் மேயும் பறவைகள் அந்தப் பருவத்தில் உள்ளே தள்ளியே மேய்ந்தன. நான் கடையின் கீழ்த்தளத்திலிருந்த லென்ஸ்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், அவர் தொலைபேசியில் 80 மீட்டர் தாழைக்கோழிகளைப் பற்றியே முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் முடிந்த பகுதி

நிக்கானில் அவருக்கு இருந்த வழிகள் மூன்று. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் அந்த லென்ஸை 700 மி.மீ. எஃப்/8 ஆக்கும், 1.7 மடங்கு, 850 மி.மீ. எஃப்/9.5, 2 மடங்கு, 1,000 மி.மீ. எஃப்/11. டி7500 போன்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், தானாக ஃபோகஸ் செய்யும் பகுதி உள்ளேயிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, லென்ஸின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் கதிர்களை ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்கிறது. துளை சிறுத்தால் அந்த ஓரக் கதிர்கள் அதற்கு எட்டுவதில்லை. டி7500-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும், எஃப்/8 வரை தாக்குப்பிடிப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு புள்ளி. எஃப்/9.5-உம் எஃப்/11-உம் எல்லைக்கு வெளியே. ஆகவே 1.7-உம் 2-உம், கையால் ஃபோகஸ் திருகப் பொறுமையுள்ளவருக்கு மட்டுமே ஆகும்.

"அப்போ ரெண்டு போச்சா?" என்றார். போயிற்று. ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று அந்த இடத்தில் முளைத்தது. டி500 என்ற கேமராவில் இருப்பதும் அதே 20.9 மெகாபிக்சல் சென்சார்தான். ஆனால் ஃபோகஸ் பகுதி வேறு. 153 புள்ளிகளில் 15 எஃப்/8-இல் வேலை செய்யும். அவற்றில் 9-ஐ நாமே தேர்ந்தெடுக்கலாம். பழைய டி500 ஒன்றுக்கு, அவருடைய டி7500-ஐக் கொடுத்து மேலே போட வேண்டியிருந்த தொகையும், புதிய 1.4 மடங்கு கன்வெர்ட்டரின் விலையும் அன்றைக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. எனவே தேர்வு 1.4-க்கும் 2-க்கும் இடையே இல்லாமல், கன்வெர்ட்டருக்கும் கேமராவுக்கும் இடையே என்று மாறிவிட்டது. கேமராவை மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் கருத்து. சென்சார் ஒன்று, ஃபோகஸ் பகுதி வேறு என்பதால் சோதனைக்கும் இது வாகாக அமைந்தது: என் வாடகைச் சரக்கிலிருந்த டி500-ஐ அவருடைய கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால், படத்தில் தெரியும் வேறுபாடு எதுவானாலும் அதற்கு ஃபோகஸ்தான் காரணம்.

வெளிச்சம் எங்கே போகிறது

1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியைத் தின்னும் என்பது எல்லாக் கடையிலும் சொல்லும் பாடம். ஜனவரிக் காலை ஏழேகாலுக்கு எஃப்/5.6, விநாடியில் 1,600-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் என்று வைத்தால், சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1250 வந்தது, கன்வெர்ட்டரைப் பூட்டியதும் எஃப்/8 ஆகி, ஐ.எஸ்.ஓ. 2500-க்கு ஏறியது. புள்ளி புள்ளியாகக் குருணை தட்டும் என்று நான் எச்சரித்தபோது, ஆசிரியை லென்ஸின் முன்வாயைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாய் அதே வாய்தானே தம்பி? பறவைகிட்டேருந்து உள்ள வர்றது எப்படிக் குறையும்?"

நியாயமான கேள்வி. 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ.; 700-ஐ 8-ஆல் வகுத்தால் 87.5. எண்களைத் தோராயமாக்கிச் சொல்வதால் வரும் சிறு வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டால், இரண்டிலும் வெளிச்சம் நுழையும் வாயிலின் அகலம் ஒன்றே. பறவையிடமிருந்து வரும் வெளிச்சம் குறைவதில்லை. அது இரு மடங்கு பரப்பில் பரத்தப்படுகிறது, அவ்வளவுதான். இப்போது கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்த படத்தில் பறவையை அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், படத்தின் பாதிப் பரப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்க வேண்டும். அப்படிப் பெரிதாக்கும்போது குருணையும் சேர்ந்தே பெரிதாகிறது. ஐ.எஸ்.ஓ. 1250-இல் எடுத்து வெட்டியதையும் ஐ.எஸ்.ஓ. 2500-இல் முழுதாக எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பறவையின் உடல்மேல் குருணை ஏறத்தாழ ஒரே அளவாகவே இருந்தது. ஆசிரியை இதற்கு உவமை தேட அதிகம் மெனக்கெடவில்லை. "ஒரு கரண்டி மாவுதான். ஊத்தாப்பமா ஊத்துறீங்களா, தோசையா இழுக்குறீங்களாங்கிறதுதான் கேள்வி."

இந்த ஒப்பீட்டை நான் அதுவரை செய்து பார்த்ததே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கன்வெர்ட்டரோடு எடுத்த முழுப் படத்தை, கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்த முழுப் படத்தோடு ஒப்பிட்டு "குருணை கூடிவிட்டது" என்று சொல்லிவந்தேன். இரண்டிலும் பறவையின் அளவு வேறு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. துளை சிறுத்தால் ஒளி விலகி விளிம்பு மங்கும் என்று சொல்பவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எஃப்/5.6-இல் 7.5 மைக்ரானாக இருக்கும் மங்கல் வட்டம் எஃப்/8-இல் 10.7 மைக்ரான் ஆவது உண்மை. ஆனால் பறவையின் உருவமும் அதே 1.4 மடங்கு வளர்ந்துவிட்டதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. வெட்டிய படத்தில் 10.7 மெகாபிக்சல்தான் மிஞ்சும், கன்வெர்ட்டர் படத்தில் 20.9-உம் இருக்கும் என்பது கன்வெர்ட்டருக்குச் சாதகமான செய்தி. அந்தக் கூடுதல் பிக்சல்களில் உண்மையான விவரம் இருக்கிறதா, வெறும் காற்றடைத்த பையா என்பதைத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடியில் மூன்று சுழி

சோதனைப் பலகை வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. தமிழ் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைவிடக் கடுமையான பரீட்சைத் தாளை நான் பார்த்ததுமில்லை. கடையின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் அந்தப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, 50 அடி தள்ளி முக்காலியை நிறுத்தினோம். 2 மி.மீ. உயரமுள்ள எழுத்து, 500 மி.மீ.யில் சுமார் 16 பிக்சல் உயரமாக விழும், 700-இல் 23. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் பிரித்துக் காட்டுவது சுழியின் எண்ணிக்கை மட்டுமே என்பதால், எந்த லென்ஸ் சுழியை எண்ண விடுகிறதோ அது தேறியது என்று வைத்துக்கொண்டோம்.

கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து 1.4 மடங்கு பெரிதாக்கியதில், "மணமகன் தேவை" என்ற வரியைப் படிக்க முடிந்தது. ஆனால் அது பழக்கத்தால் படித்தது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, அது ணவா னவா என்று சொல்ல முடியாத ஒரு கறுப்புத் திரளாக இருந்தது. "மகன்" என்பதன் கடைசிப் புள்ளி எழுத்தின் தலையோடு சேர்ந்துவிட்டது. நிக்கானின் 1.4 மடங்கு கன்வெர்ட்டரைப் பூட்டி எடுத்ததில் மூன்று சுழியும் தனித்தனியாக நின்றன. இரண்டு வரி கீழே இருந்த "மனை விற்பனைக்கு" என்பதில் இரண்டு சுழி என்பதும் ஐயமில்லாமல் தெரிந்தது. கறுப்பு கொஞ்சம் சாம்பல் தட்டியிருந்தது. கணினியில் கான்ட்ராஸ்டைச் சற்றே கூட்டியதும் சரியாயிற்று. ஓரங்களில் கூர்மை நடுவை விடக் குறைவுதான். பறவையை ஓரத்தில் வைத்துப் படமெடுக்கிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

போயிற்று என்று சொல்லியும் 2 மடங்கின் மேலிருந்த ஆசை ஆசிரியைக்குப் போகவில்லை என்பதால், என்னிடமிருந்த அதையும் பூட்டி, திரையைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து எடுத்தோம். எழுத்து பெரிதாயிற்று, 1.4-இல் தெரியாத எந்தச் சுழியும் அதில் புதிதாகத் தெரியவில்லை. வேறொரு நிறுவனத்தின் பழைய 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒன்றும் என் அலமாரியில் கிடந்தது. 200-500 லென்ஸின் துளை நெம்புகோலால் அல்லாமல் மின்சாரத்தால் அசைவது; அந்தப் பழைய கன்வெர்ட்டருக்கு அந்த மொழி தெரியாததால், எந்த எண்ணை வைத்தாலும் துளை முழுதாகத் திறந்தபடியே நின்றது. பழைய சரக்கை மலிவாகக் கண்டு ஆசைப்படுகிறவர்கள் தங்கள் லென்ஸ் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

போகிக்கு ஒரு வாரம் கழித்து

மாடிச் சுவர் பறக்காது, அலையாது; இடையில் தண்ணீரும் இல்லை. களத்துக்குப் போக ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தவன் நான். அன்று போகி என்பது ஏழு மணிக்கு ரேடியல் சாலையில் நின்றபோதுதான் உறைத்தது. பனியும் புகையும் கலந்து சதுப்பு நிலத்தின் அக்கரை தெரியவில்லை. எடுத்த அத்தனை படமும் பழைய வேட்டி நிறத்தில் வந்தன. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக் கொடுத்தார். சென்னையில் லென்ஸ் சோதிப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

அடுத்த ஞாயிறு காற்று தெளிவாக இருந்தது. தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு கம்பத்தின் மேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இப்படி அசையாமல் நின்று தருகிற மாதிரி கிடைப்பது அரிது. ஏழு இருபதுக்கு எடுத்ததில், கன்வெர்ட்டர் படத்தில் அலகின் நுனி வளைவும் கண்ணின் பச்சையும் பிரிந்து தெரிந்தன. வெட்டிப் பெரிதாக்கிய படத்தில் வளைவு தெரிந்தது, கண் ஒரு புள்ளியாகவே நின்றது. மாடியில் கண்ட அதே முடிவு. ஒன்பதே முக்காலுக்கு அதே கம்பத்தில் வேறொரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. அப்போது வெயில் ஏறி, தார்ச்சாலையிலிருந்தும் தண்ணீர்ப் பரப்பிலிருந்தும் காற்று கொதிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு படங்களிலும் பறவையின் விளிம்பு ஈரத்துணியில் மை ஊறியதுபோல் நெளிந்திருந்தது. கன்வெர்ட்டர் அந்த நெளிவையே 1.4 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. விநாடியில் 2,000-இல் ஒரு பங்கு வேகம் வைத்தும் பயனில்லை. கானலுக்கு ஷட்டர் வேகம் மருந்தில்லை, தூரத்தைக் குறைப்பதோ வீட்டுக்குப் போவதோதான்.

ஃபோகஸ் விஷயத்தில் இரண்டு கேமராக்களும் பிரிந்தன. நின்ற பறவைமேல் டி7500-இன் நடுப்புள்ளி, கன்வெர்ட்டரோடும் தயக்கமில்லாமல் பிடித்தது. பின்னால் நாணல் அடர்ந்த இடங்களில் மட்டும் முன்னும் பின்னும் ஓரிரு முறை ஓடித் தேடியது. பறக்கும் பறவைக்கு வந்தபோது கதை வேறு. கூழைக்கடா போல நிதானமாக மிதந்து வருவதை நடுப்புள்ளியிலேயே வைத்துத் தொடர முடிந்தது. மீசை ஆலா திரும்பித் திரும்பிப் பாய்வதை ஒரு புள்ளியால் தொடர்வது ஆசிரியைக்கும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. டி500-இன் ஒன்பது புள்ளிகளில் ஆலா ஓரளவு அகப்பட்டது. ஆனால் அன்று காலை ஆலாவை மிக நன்றாகப் பிடித்தது, கன்வெர்ட்டரே இல்லாத டி500. அதில் 153 புள்ளிகளும் விழித்திருந்தன.

கன்வெர்ட்டர் விலையாகக் கேட்பது வெளிச்சத்தை அன்று, ஃபோகஸ் புள்ளிகளை. இதைக் களத்தில் நின்று பார்த்த பிறகு என் பரிந்துரை இன்னும் உறுதிப்பட்டது: டி500-ஐ வாங்கிவிடுங்கள், கன்வெர்ட்டர் வேண்டாம்.

வன்தட்டு சொன்ன தீர்ப்பு

அதை மாற்றியது ஆசிரியை கொண்டுவந்த வன்தட்டு. இரண்டு பருவங்களில் எடுத்தவற்றுள் அவரே தேர்ந்து, பெயரும் தேதியும் எழுதி அடுக்கி வைத்திருந்த இருநூற்றுச் சொச்சம் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பதிவாகியிருந்த குவியத் தொலைவைப் பார்த்துக்கொண்டே போனோம். பெரும்பாலானவை 500 மி.மீ.யில் எடுத்து, மேலும் வெட்டப்பட்டவை. பறக்கும் பறவை பத்தில் ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பிடித்தவை மேய்பவை, குளிப்பவை, குஞ்சுக்கு ஊட்டுபவை. "பறக்குறதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும், எடுக்கப் பிடிக்காது" என்றார். பறவை பறப்பதை எடுக்கப் பிடிப்பவன் நான். என் ஆசைக்குரிய கேமராவை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

படமெடுப்பவர் தாம் எடுக்க விரும்புவதாகச் சொல்வதைவிட, எடுத்து வைத்திருப்பதைப் பார்ப்பது மேல் என்று இப்போது வாடிக்கையாளர்களிடம் பழைய படங்களைக் கேட்டு வாங்குகிறேன். நின்ற பறவைக்கு நடுப்புள்ளி ஒன்று போதும். அவருக்குத் தேவை சுழி பிரிந்து தெரியும் கூடுதல் விவரம். ஆகவே கேமரா அதே டி7500, கன்வெர்ட்டர் 1.4 மடங்கு என்று முடிவாயிற்று.

பழையதாகவே ஒன்று பார்த்தோம். விலை ஏறக்குறையப் பாதி. வெளிப்புறம் புதிதுபோல இருந்தது. கைபேசியின் விளக்கைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்து முன்புறம் வழியாகப் பார்த்தபோது, உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைப்போல் வெள்ளை இழைகள் கிளைத்திருந்தன. பூஞ்சை. கடற்காற்று வீசும் ஊரில் இது எப்போதும் உள்ள தொல்லைதான். வெள்ளத்துக்குப் பிந்தைய அந்த மாதங்களில் கைமாற வந்த கருவிகளில் இதைச் சற்று அதிகமாகவே கண்டேன். விற்றவர் தமக்கு அது தெரியாது என்றார், தெரிந்திருக்காமலும் இருக்கலாம். நேராகப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. கடைசியில் புதிதாக, நிக்கானின் 1.4 மடங்கு கன்வெர்ட்டரின் மூன்றாம் பதிப்பை வாங்கினார். 190 கிராம்தான், லென்ஸைத் தூக்கும் கைக்கு அது ஒரு பொருட்டில்லை.

நாணல்மேல் விழுந்த ஃபோகஸ்

பிப்ரவரித் தொடக்கத்தில் பெரும்பாக்கம் ஏரிக்குப் போய்வந்தவர், மறுநாளே கடைக்கு வந்து மேசைமேல் கேமராவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். எல்லாப் படத்திலும் பறவைக்கு ஒரு முழம் முன்னால் இருந்த நாணல் பளிச்சென்று இருந்தது, பறவை மங்கல். கன்வெர்ட்டர் பழுது என்றே அவர் நினைத்தார். பழுது என் பக்கம். அவருடைய லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே இருந்த சிறு பிசகைச் சரிசெய்ய, ஃபைன் டியூன் என்ற அமைப்பில் நான் முன்பே ஒரு எண்ணைப் பதிந்து கொடுத்திருந்தேன். கன்வெர்ட்டர் பூட்டிய லென்ஸைக் கேமரா வேறொரு லென்ஸாகவே அடையாளம் காண்கிறது; பழைய எண் அதற்குச் செல்லாது, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. சோதனைகளில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே நான் பூட்டியது என்னிடமிருந்த வாடகைக் கன்வெர்ட்டர். அதற்கும் அவர் வாங்கியதற்கும் நூலளவு வேறுபாடு இருந்திருக்க வேண்டும். மறுபடியும் மொட்டை மாடி, மறுபடியும் வரி விளம்பரம். டி7500-இல் திரைவழி ஃபோகஸையும் கண்ணாடிவழி ஃபோகஸையும் தானே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. ஐந்து முறை ஓடவிட்டு, நடுவில் நின்ற எண்ணான கூட்டல் 7-ஐப் பதிந்தோம். ணகரத்துக்கு மூன்று சுழியும் திரும்ப வந்தன.

களத்தில் வேறொரு நடைமுறைத் தொல்லையும் இருந்தது. ரேடியல் சாலையில் லாரி போகும்போது கன்வெர்ட்டரைக் கழற்றிப் பூட்டினால், சென்சாரின் மேல் புழுதி வந்து உட்காருகிறது. ஆசிரியை இப்போது வீட்டிலேயே பூட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்தால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் கழற்றுகிறார்.

தூரத்துக்காக வாங்கியது இரண்டு மீட்டரில் உழைத்தது

வன்தட்டைப் பார்த்தபோது நான் பொருட்படுத்தாமல் கடந்துபோன படங்கள் சில அதில் உண்டு: தட்டானும் வண்ணத்துப்பூச்சியும், நாற்பது இருக்கும். கன்வெர்ட்டரைப் பூட்டினாலும் லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் குறைந்த தூரம் மாறுவதில்லை. இந்த லென்ஸுக்கு அது 2.2 மீட்டர். அந்தத் தூரத்தில் லென்ஸ் தனியாகத் தரும் உருவப் பெருக்கம் 0.22; கன்வெர்ட்டரோடு 0.31. படச்சட்டத்தின் அகலத்தில் அடங்கும் பரப்பு 107 மி.மீ.யிலிருந்து 76 மி.மீ.க்குச் சுருங்குகிறது. நாலரை செ.மீ. நீளமுள்ள தட்டான், முன்பு சட்டத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தது, இப்போது பாதியைத் தாண்டி நிறைகிறது. இரண்டு மீட்டர் காற்றில் கானல் இல்லை. பத்து மணி வெயிலில் வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. குச்சியின் நுனியில் உட்கார்ந்த தட்டான் நடுப்புள்ளிக்கென்றே செய்ததுபோல் அசையாமல் இருக்கும். இத்தனை தூரம் தள்ளி நிற்பதால் அது எழுந்து பறப்பதுமில்லை. 2024 அக்டோபரில், முதல் மழைக்குப் பிறகு அவர் கொண்டுவந்த படத்தில் இறக்கையின் நரம்புகளுக்கிடையே இருந்த கட்டங்களை எண்ண முடிந்தது. நீர்க்காகத்தின் கண்ணைவிட எனக்கு அந்தப் படம்தான் கன்வெர்ட்டரின் விலையை நியாயப்படுத்துவதாகத் தோன்றியது.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் ஃபோகஸ் சென்சாரின் மேலேயே நடப்பதால் எஃப்/8 என்ற சுவர் இல்லை. சோனியின் 200-600 லென்ஸோடு 1.4 மடங்கைப் பூட்டி 840 மி.மீ. எஃப்/9-இல் பறவையைத் தொடர்கிறவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. அதே லென்ஸில் 2 மடங்கு போட்டால் 1,200 மி.மீ. எஃப்/13 ஆகிறது, ஃபோகஸ் கிடைத்தாலும் காற்று விடாது. சோனி கேமராவுக்காகப் பிற நிறுவனங்கள் செய்யும் ஜூம் லென்ஸ்கள் கன்வெர்ட்டரை ஏற்பதில்லை என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளாதீர்கள். கேனனின் ஆர்.எஃப். 100-500 ஏற்கும், ஆனால் கன்வெர்ட்டரின் மூக்கு உள்ளே நீண்டிருப்பதால் லென்ஸை 300 மி.மீ.க்குக் கீழே சுருக்க முடியாது, பூட்டியபடி பையிலும் சுருக்கி வைக்க முடியாது. நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் வகைக் கன்வெர்ட்டர் ஆசிரியையின் லென்ஸைப்போன்ற பழைய எஃப் வகை லென்ஸில் சேராது. அவர் என்றைக்காவது இசட் கேமராவுக்கு மாறினால், எஃப்.டி.இசட். இணைப்பானின் மேல் இப்போதிருக்கும் கன்வெர்ட்டரையே பூட்டிக்கொள்ளலாம்.

போன மாதம் வந்தபோது அதைச் சொன்னேன். இசட் கேமராவில் எஃப்/11-இலும் ஃபோகஸ் பிடிக்குமா என்று கேட்டார். நல்ல வெளிச்சத்தில் பிடிக்கும் என்றேன். சற்று நேரம் யோசித்தார். "அப்போ ரெண்டு?" என்றார். அலமாரியிலிருந்து நாளிதழை எடுத்துக்கொண்டு இருவரும் மாடிக்கு ஏறினோம்.